சீவுளி மரத்தைப் பிய்ப்பது ஏன்?

பஞ்சிகாவத்தையில் பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே கிடந்த, மரம் இழைக்கும் சீவுளி ஒன்றை வாங்கினேன். லெனார்ட் பெய்லி வடிவமைத்து, 1869 முதல் ஸ்டான்லி கம்பனி செய்துவந்த வகை. கொழும்புக் கடற்காற்றில் நன்றாகத் துருப்பிடித்திருந்தது. துருவைத் தேய்த்து, அலகைத் தீட்டி, பலாப் பலகையில் ஓட்டினேன். சீவல் வந்தது. கூடவே பலகையில் சின்னச் சின்னப் பள்ளங்களும் விழுந்தன. கூர் போதவில்லை என்று திரும்பத் தீட்டியும் பள்ளம் நிற்கவில்லை.

மரம் ஒரு நார்க்கட்டு. அலகு நாருக்குக் கீழே நுழைந்து சீவலை நெம்பும்போது, ஆப்பு வைத்து விறகு பிளப்பதுபோல, அலகு போய்ச் சேருமுன்பே மரம் பிளந்து ஓடுகிறது. நார் மேல்நோக்கிப் போனால் பிளவு சீவலோடு வெளியே வந்துவிடும். கீழ்நோக்கி இறங்கினால் பலகைக்குள் போய் முறியும். அதுதான் பள்ளம்.

இதைத் தடுக்கத்தான் அலகின் மேல் ஒரு மூடித்தகடு பூட்டியிருக்கிறது. என் சீவுளியில் அது கூரிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளி இருந்தது. கால் மில்லிமீற்றர் அளவுக்கு நெருக்கினால், எழும்பும் சீவல் உடனே தகட்டில் முட்டி மடிகிறது. நெம்ப நீளம் கிடைக்காததால் பிளவு ஓடாது. தகட்டுக்கும் அலகுக்கும் இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் சீவல் அதற்குள் சிக்கிக்கொள்ளும்; தகட்டின் முனையையும் கல்லில் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

சரி, தீட்டுவது? கூர் என்பது அலகின் இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு: ஒன்று சாய்வாகத் தேய்த்த சரிவு, மற்றது தட்டையான மறுபக்கம். சரிவை மட்டும் தீட்டிவிட்டு மறுபக்கத்தைத் துருக்குழியோடு விட்டால், கூர் ரம்பப் பல்லாகத்தான் இருக்கும். மறுபக்கத்தில் நுனியை ஒட்டிய சில மில்லிமீற்றர் பளபளத்தால் போதும். சரிவை 1000 இலக்கக் கல்லில் (இலக்கம் கூடக் கூடக் கல் மென்மையாகத் தேய்க்கும்) 30 பாகையில் தேயுங்கள். மறுபக்கத்தில் விரலை நுனியை நோக்கி மெதுவாக வருடினால், அகலம் முழுக்கப் பிசிறு தட்டுப்பட வேண்டும். அப்புறம் 6000 இலக்கக் கல்லில் இரு பக்கமும் மாறி மாறித் தேய்த்தால் பிசிறு போய்விடும். 30 பாகை கொஞ்சம் முன்பின்னானால் கவலை வேண்டாம். சரிவு கீழே பார்த்திருப்பதால், மரத்தை வெட்டும் கோணம் எப்போதும் அலகு சாய்ந்திருக்கும் 45 பாகைதான். மின்சாணையில் மட்டும் அவசரம் கூடாது. நுனி நீலமானால் உருக்கின் கடினம் போய்விட்டது.

அதே பலாப் பலகையில் நேற்று மறுபடி ஓட்டினேன். தள்ளுவது முன்பைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. மஞ்சள் சீவல் சுருளாமல், நாடாபோல நிமிர்ந்து மேலே வந்தது. மூடித்தகடு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.