வெங்கச்சாங்கல் சில்லும் அம்பு முனையும்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் மழை விட்ட மறுநாள் நடந்தால், வெங்கச்சாங்கல் என்னும் வெள்ளைப் படிகக்கல்லின் சில்லுகள் காலை நெருடும். பர்கூர் வட்டாரத்து மயிலாடும்பாறையில் 2021இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்ற செய்தி ஊரெங்கும் பேசப்பட்டது. அதே மண்ணில் கிடைத்த நுண்கற்கருவிகளை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அவற்றின் மேல்தான் கண்.

நகத்தளவு கல்லால் வேட்டையாட முடியுமா? குச்சியின் நுனியில் பிசின் வைத்து ஒட்டினால் முடியும். ஈட்டி தன் எடையால் குத்துவது. முனை பருத்திருந்தாலும் பாதகமில்லை. அம்போ எடை குறைந்தது, வேகத்தை நம்பிப் பாய்வது. தலை கனத்தால் சீக்கிரம் தாழ்ந்துவிடும். எனவே ஆய்வாளர்கள் கல்முனையின் அகலத்தையும் தடிமனையும் பெருக்கிப் பாதியாக்கி, அந்தக் குறுக்குவெட்டுப் பரப்பை அருங்காட்சியக அம்புகளோடு ஒப்பிட்டு, அது அம்பு முனையாக இருக்குமா என்று பார்க்கிறார்கள்.

அளவு மட்டும் சாட்சியாகாது. சிறு கல்லால் இறைச்சியும் அறுத்திருக்கலாமே! இங்கேதான் கல்லின் காயம் பேசுகிறது. அறுக்கும் கல்லின் விளிம்பு நெடுகத் தேயும், பொடிப்பொடியாக உதிரும். எலும்பில் மோதிய முனையிலோ விசை நீளவாக்கில் ஓடுவதால், நுனி முறிந்து படிபோன்ற வெட்டு விழும். இதை உறுதிசெய்ய, புதிதாகக் கல்முனைகள் செய்து விலங்கின் உடலில் எய்து, உடைந்ததை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் கிடைத்த, ஏறத்தாழ 64,000 ஆண்டுப் பழைய படிகக்கல் முனைகளில் இன்னொரு தடயமும் இருந்தது: ஒரு பக்கம் இரத்தம், எலும்பின் எச்சம், குச்சியில் பொருத்திய பக்கம் பிசின். ஒட்டுவதற்கு எந்தப் பிசின், எவ்வளவு சூடு என்று அறிந்திருந்தவர்களைக் 'கற்கால மனிதர்' என்று இளக்காரமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நமக்கு அருகே, இலங்கையின் ஃபாஹியன் குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன் எலும்பிலேயே முனை செய்து குரங்கையும் அணிலையும் வேட்டையாடியிருக்கிறார்கள். மரத்தின் உச்சியில் தாவும் உயிரை ஈட்டியால் குத்த முடியாதல்லவா?

அதற்காகக் கண்ட சில்லையெல்லாம் 60,000 ஆண்டு என்று கொண்டாடக் கூடாது. நுண்கற்கருவிகள் மிகப் பிற்காலம் வரை செய்யப்பட்டன. போதாக்குறைக்கு டிராக்டர் கொழுவும் ஜல்லி எந்திரமும் நாள்தோறும் கல் உடைக்கின்றன. நான் ஆசையாகப் பொறுக்கி வந்த பிடிச் சில்லுகளை அனுபவமுள்ள ஒருவர் விரலால் தள்ளித்தள்ளிப் பார்த்துவிட்டு, "எல்லாம் போன மாசம் உழுதது" என்றார்.