காற்றுத் தரக் குறியீடு: ஏறினால் நல்லதா, கெட்டதா?

"காற்றின் தரம் 210 ஆக உயர்ந்தது. முதியோரும் ஆஸ்துமா நோயாளிகளும் வெளியே வருவதைத் தவிர்க்கவும்."

கோடையில் தொலைக்காட்சியின் அடிவரியில் இந்த மாதிரி வாசகம் ஓடாத வாரம் இல்லை. முதல் வாக்கியமும் இரண்டாவது வாக்கியமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது எழுதியவருக்குத் தெரிவதில்லை. தரம் உயர்ந்திருக்கிறதாம், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டுமாம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் படித்தால் என்ன செய்வார்? முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டு, "பரவாயில்லை, காற்று நன்றாக இருக்கிறது" என்று மொட்டை மாடிக்குப் போவார். அவர்மேல் தப்பே கிடையாது.

'ஏர் குவாலிட்டி இண்டெக்ஸ்', சுருக்கமாக ஏ.க்யூ.ஐ., என்பதைத்தான் 'காற்றுத் தரக் குறியீடு' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். 'குவாலிட்டி' லத்தீனிலிருந்து வந்தது. 'எத்தகைய' என்று கேட்கும் சொல் அதற்கு வேர். ஆக, நல்லது கெட்டது இரண்டையும் சுமக்கும் சொல் அது. நேர்த் தமிழ் வேண்டுமானால் 'தன்மை'. 'இண்டெக்ஸ்' என்றால் லத்தீனில் சுட்டுவிரல். சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

பொருளுக்கு வருவோம். இந்தியாவில் இந்த எண் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நுண்துகள்களில் இரண்டு வகை, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் என எட்டு மாசுகளைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 500 வரை ஓர் எண். அவற்றில் எது மிக அதிகமோ அதுதான் அன்றைய எண். கூட்டுத்தொகையும் இல்லை, சராசரியும் இல்லை. அன்று நம் நெஞ்சில் ஏறி உட்காரும் மாசுகளில் முதல் குற்றவாளியின் அளவு. 50 வரை நல்லது, 400 தாண்டினால் கடுமை. அளப்பது முழுக்க மாசு. பெயர் மட்டும் தரம்!

இனி 'தரம்' கட்சிக்காரர்கள் சொல்வதைப் பார்ப்போம். அவர்கள் முதலில் சொல்வது, "மூலத்தில் குவாலிட்டி என்றுதானே இருக்கிறது, அதற்குத் தமிழ் தரம்தானே?" ஒரு காலத்தில் இது சரியாக இருந்திருக்கலாம். நிலவரிக்காக நிலத்தைத் தரம் பிரித்தபோது, தரம் என்பது வெறும் வகுப்பு. முதல் தரமும் உண்டு, மூன்றாந்தரமும் உண்டு. ஏலக்காரர் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவும்போது அது வெறும் தடவை. ஆனால் இன்றைக்கு அடைமொழி இல்லாமல் 'தரம்' என்றால் நல்ல தரம்தான். 'தரமான துணி' என்றால் கிழிந்த துணி என்று யாரும் நினைப்பதில்லை. இளைஞர்கள் 'தரமான சம்பவம்' என்று சொல்வதும் பாராட்டித்தான். சொல்லின் பொருள் எங்கே போய் நிற்கிறதோ அங்கே நின்றுதான் மொழிபெயர்க்க வேண்டும்.

இலங்கையில் இன்னும் வேடிக்கை. அங்கே பள்ளி வகுப்புக்கே தரம் என்றுதான் பெயர்: தரம் 5, தரம் 10. அங்கே படித்து வளர்ந்தவரிடம் "தரம் ஏறிவிட்டது" என்றால் பிள்ளை பாஸாகிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அவர்களுடைய அடுத்த வாதம் கொஞ்சம் கெட்டி. "பள்ளிக்கூட ரேங்க்கில் எண் கூடினால் மாணவன் கீழே இருக்கிறான் என்று எல்லோருக்கும் புரிகிறதே, இதுவும் அப்படித்தான்" என்கிறார்கள். சரி, மூன்றாம் ரேங்க்கிலிருந்து முப்பதாம் ரேங்க்குக்குப் போன பையனைப் பற்றி அவன் அப்பா "ரேங்க் உயர்ந்தது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா? 'இறங்கிவிட்டது' என்பார், இல்லாவிட்டால் பெல்ட்டைத் தேடுவார். அந்த ஒழுங்கை இவர்களும் கடைப்பிடித்து "காற்றின் தரம் 210க்குச் சரிந்தது" என்று எழுதினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஒருசில நாளிதழ்கள் "காற்றின் தரம் மோசமடைந்தது" என்று கவனமாக எழுதுவதையும் பார்க்கிறேன், பாராட்டுகிறேன். ஆனால் எண்ணும் உயர்வும் சேர்ந்து வரும் இடத்தில் அவர்களுக்கும் கை வழுக்குகிறது. "தரக் குறியீடு உயர்வு" என்றால் இலக்கணப்படி தப்பில்லையே என்று வாதாடலாம். இலக்கணம் தப்பவில்லை, மூச்சுத் திணறுகிறவர் தப்ப வேண்டாமா?

காய்ச்சல் 103 என்று சொன்னால் போதும், யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அதையே 'உடல்நலக் குறியீடு 103' என்று சொல்லிப் பாருங்கள். கெட்டதை அளக்கும் எண்ணுக்குக் கெட்டதன் பெயரை வைத்தால், ஏறினால் கெடுதல் என்பது தானாகப் புரிந்துவிடும். அதனால்தான் நான் 'காற்று மாசு' என்ற தொடரைப் பிடித்துக்கொள்கிறேன். மாசு நல்ல பழந்தமிழ்ச் சொல். வள்ளுவர் மனத்தில் இருக்கக் கூடாது என்றார், அப்பர் வீணையில் இல்லை என்றார். இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிகிற சொல். தூய்மையும் தெளிவும் ஒரே சொல்லில் கிடைப்பது அபூர்வம். கிடைக்கும்போது விட்டுவிடக் கூடாது.

கோடையில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது, காரணம் ஓசோன். குளிர்காலத்தில் தில்லியைத் திணறடிப்பது பெரும்பாலும் நுண்துகள். கோடையில் வெயில் கொளுத்தும்போது, வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயிண்ட் போன்றவற்றிலிருந்து கிளம்பும் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து தரைமட்டத்தில் ஓசோன் உண்டாகிறது. பிற்பகலில் உச்சம், வெயில் தாழ்ந்தபின் குறையும். ஆனால் நாம் பள்ளியில் படித்தது என்ன? ஓசோன் நம்மைக் காக்கும் படலம், அதில் ஓட்டை விழுந்தால் ஆபத்து. இப்போது "ஓசோன் அளவு அதிகரிப்பு, காற்றின் தரம் உயர்வு" என்று ஒரு வரி வந்தால் அது எச்சரிக்கை மாதிரியா இருக்கிறது? இனிப்பு வாங்கிக் கொடுக்கத் தோன்றும். 'தரைமட்ட ஓசோன்' என்று ஒரு சொல் கூடுதலாகப் போட்டால் குறைந்தா போய்விடும்? இது வாயு என்பதால் முகக்கவசம் இதைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஓட்டம், விளையாட்டு எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துக்கொள்வதுதான் வழி. காட்டுத்தீப் புகையோ குப்பைமேட்டுப் புகையோ என்றால் கதை வேறு. அங்கே என்95 கவசம் உதவும், கைக்குட்டை உதவாது.

அடுத்து 'குறியீடு'. வேதியியலில் தனிமங்களுக்குக் குறியீடு உண்டு, கவிதையில் குறியீடு உண்டு, அஞ்சல் முகவரியில் குறியீட்டு எண் உண்டு. இவற்றில் எதுவும் ஏறி இறங்குவதில்லை. ஏறி இறங்கும் எண்ணுக்கு இலங்கைத் தமிழர் 'சுட்டெண்' என்கிறார்கள். அவர்களுடைய விலைவாசி அறிக்கையில் 'நுகர்வோர் விலைச் சுட்டெண்' என்றுதான் இருக்கும். சுட்டுவிரலுக்குச் சுட்டெண் எவ்வளவு பொருத்தம்! நம்மூர்ச் சொல்லாக்கக் குழுக்கள் கடல் தாண்டி ஒரு சொல்லைக் கடன் வாங்கினால் கௌரவம் குறைந்துவிடாது.

சிங்கப்பூரில் 'காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு' என்று எழுதுகிறார்கள். 2013 ஜூனில் சுமத்ராக் காட்டுத் தீயின் புகைமூட்டம் வந்து சிங்கப்பூரில் எண் 401ஐத் தொட்டபோது, அந்தச் சொல்லைப் படித்த எவருக்கும் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்ற சந்தேகம் வந்திருக்காது. கேடு கூடியது, அவ்வளவுதான். இதில் மொழிபெயர்ப்பாளரின் சாமர்த்தியத்தோடு அதிர்ஷ்டமும் உண்டு. அங்கே மூலப் பெயரிலேயே மாசு இருக்கிறது. எனக்கு ஒரே குறை, நீளம். அவசரச் செய்தியில் 'தூய்மைக்கேட்டுக்' என்று வாய் நிறையச் சொல்வதற்குள் புகை உள்ளே வந்துவிடும்.

பெயரோடு தொல்லை முடிந்ததா என்றால் இல்லை. நம் இந்திய அட்டவணையில் 101 முதல் 200 வரை உள்ள படிக்கு 'மிதமானது' என்று போடுகிறார்கள். தமிழில் மிதம் என்றால் இதம்: மிதமான சூடு, மிதமான குளிர். ஆனால் அந்தப் படியில் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு மூச்சுச் சிரமம் வரலாம் என்று அந்த அட்டவணையே சொல்கிறது. அமெரிக்கக் கணக்கில் 101லிருந்தே இப்படிப்பட்டவர்களுக்கு 'ஆரோக்கியமற்றது' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நாம் மிதம் என்று விசிறிவிடுகிறோம். முதலில் 'மிதமாக மாசடைந்தது' என்ற பொருளில் வைத்த பெயர்தான் அது. மாசை வெட்டிவிட்டு மிதத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். 'நடுத்தர மாசு' என்று எழுதினால் போயிற்று.

வானிலை எச்சரிக்கைகளிலும் இதே அலட்சியம். மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. மூன்று நிறத்துக்கும் மூன்று வேலை. நாம் மூன்றுக்கும் 'எச்சரிக்கை' என்று ஒரே முத்திரை குத்தி, அதிலும் பாதி நேரம் 'அலர்ட் விடுக்கப்பட்டுள்ளது' என்று முடித்துவிடுகிறோம். கவனம், ஆயத்தம், செயல் என்று மூன்று சொற்கள் சும்மா கிடக்கின்றன. இதைவிட மோசம், வெயிலில் மயங்கி விழும் 'ஹீட் ஸ்ட்ரோக்'குக்கு 'வெப்பப் பக்கவாதம்' என்று மொழிபெயர்ப்பு இயந்திரம் துப்பியதை அப்படியே ஒட்டுவது. 'ஸ்ட்ரோக்' என்ற சொல்லைப் பார்த்ததும் பக்கவாதம்! படிப்பவர் வாய் கோணுகிறதா, கை விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். செய்ய வேண்டியதோ, ஆளை நிழலுக்குத் தூக்கி, 108ஐ அழைத்துவிட்டு, உடம்பை ஈரமாக்கி விசிறுவது. வெப்பத்தாக்கு என்று எளிய சொல் இருக்கும்போது எதற்கு இந்த வாதம்?

ஆக, அந்த அடிவரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "காற்று மாசுச் சுட்டெண் 210 ஆக ஏறியுள்ளது. முதியோரும் ஆஸ்துமா நோயாளிகளும் வெளியே வர வேண்டாம்." இரண்டு வாக்கியமும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

சுருக்கினால் 'கா.மா.சு.' என்று வருகிறதே, காமாசோமா மாதிரி ஒலிக்கிறதே என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். ஒலிக்கட்டும். தமிழில் எல்லாவற்றையும் முதலெழுத்தாகச் சுருக்கியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? 'மாசு 210' என்றாலே போதும்.