பெயரை அழித்தாலும் ஆளைக் காட்டும் பட்டியல்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலுள்ள தோரியத்தால் அந்தப் பகுதியில் இயற்கைக் கதிரியக்கம் மற்ற இடங்களைவிட அதிகம். அது மக்களின் உடல்நலத்தைப் பாதிக்கிறதா என்று ஆராய நாகர்கோவிலில் ஓர் ஆய்வு மாணவி புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆயிரக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகள் வேண்டும். பெயரையும் கைப்பேசி எண்ணையும் அழித்துவிட்டு, மற்றதைப் பென் டிரைவில் கொடுத்தால் போதாதா?

போதாது. ‘விளை’ என்று பெயர் முடியும் ஒரு சிற்றூரை நினைத்துக்கொள்ளுங்கள். பெண், வயது 54, போன வருடம் தைராய்டு அறுவை சிகிச்சை. இவ்வளவு சொன்னாலே குழாயடியில் குடத்தோடு நிற்பவர்கள் அது எந்த வீட்டு அக்கா என்று சொல்லிவிடுவார்கள்.

பெரிய நாடுகளிலும் இதே கதைதான். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. லதான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலருக்கு ஒரு வாக்காளர் பட்டியலை வாங்கி, அதோடு ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்துவிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அதற்குப் போதுமாயிருந்தன.

ஆகவே பதிவுகள் ஆய்வாளரைத் தேடிப் போகக் கூடாது. அவை இருக்கும் பாதுகாப்பான சர்வருக்குள் ஆய்வாளர்தான் போக வேண்டும். எந்தக் கேள்விக்கு, எந்தெந்தத் தகவல்கள், எத்தனை மாதங்களுக்கு என்று எழுதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு அவர் விண்ணப்பிக்கிறார். பிறந்த தேதி கேட்ட இடத்தில் வயது வரம்பு போதுமென்றால் அதுதான் கிடைக்கும்.

அனுமதி கிடைத்தபின் அவர் தம் கணினியில் ஒரு சாவி ஜோடியை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக சர்வருக்குள் நுழைய உதவும் இரண்டு நீண்ட எண்களை, உருவாக்குகிறார். இதில் ஒன்று தனிச்சாவி, மற்றது பொதுச்சாவி. இன்று பரவலாக உள்ள ஒரு முறையில், 255 இரண்டுகளைப் பெருக்கி 19-ஐக் கழித்தால் வரும் பகா எண்தான் கணக்குக்கு அடிப்படை. தனிச்சாவியிலிருந்து பொதுச்சாவியைக் கணிப்பது கண நேர வேலை. திரும்பி வர நடைமுறையில் வழியில்லை. சர்வருக்கு அனுப்ப வேண்டியது பொதுச்சாவியை மட்டுமே. அவசரத்தில் தனிச்சாவிக் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அனுப்பிய நொடியே அந்த ஜோடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும்.

அவர் நுழையும்போது, அந்த இணைப்புக்கென்றே இரு கணினிகளும் சேர்ந்து ஓர் அடையாள எண்ணை உண்டாக்குகின்றன. மாணவியின் கணினி தனிச்சாவியால் அதில் கையொப்பமிடுகிறது. சர்வர் பொதுச்சாவியால் அதைச் சரிபார்க்கிறது. தனிச்சாவி அவர் மேசையை விட்டு நகர்வதேயில்லை. நடுவில் ஒட்டுக்கேட்பவருக்குக் கடவுச்சொல் எதுவும் சிக்காது.

மடிக்கணினியே களவுபோனால்? அதற்குத்தான் கைப்பேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண். நுழையும்போது அதையும் கொடுக்க வேண்டும். பதிவு செய்யும் நாளில் ஒரு ரகசிய எண் கைப்பேசியிலும் சர்வரிலும் பதிந்துவிடுகிறது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை 30 நொடிகள் கடந்தன என்ற எண்ணிக்கையோடு அதைக் கலந்து, இரு பக்கமும் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. பேச்சிப்பாறை மலைப்பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் நின்றாலும் கைப்பேசியில் சரியான எண் வரும்.

உள்ளே போனபின் இணையம் கிடையாது, நகலெடுக்கவும் முடியாது. ஒவ்வொரு கட்டளையும் பதிவாகும். வெளியே வருவது முடிவு அட்டவணை மட்டுமே. அதையும் ஒருவர் பார்த்துத்தான் அனுப்புவார். இந்தப் பார்வை வெறும் சடங்கு இல்லை. முதல் அட்டவணையில் ஒரு கடலோர ஊரில் 47 நோயாளிகள் என்று இருக்கிறது. அடுத்த வாரம் அதே ஊர், 80 வயதுக்கு மேற்பட்டவர்கள் நீங்கலாக, 46. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முதியவர் தனியாக வெளியே வந்து நிற்கிறார்.

அந்த இரண்டாவது அட்டவணை திரும்பி வரும். மாணவி பக்கத்து ஊரையும் சேர்த்து, வயது வரம்பை அகலமாக்கி, மறுபடி அனுப்புவார்.