லைன்பேக்கர் ‘பின்வரிசைக் காவலர்’ இல்லை

அமெரிக்கக் கால்பந்தில் தடுக்கும் அணியின் நடு அடுக்கில் ஆடும் லைன்பேக்கர் எப்படி நிற்க வேண்டும், முதல் அடியை எப்படி எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்லித்தரும் காணொளி ஒன்றைத் தமிழ் வசனவரிகளோடு பார்த்தேன். பத்து நிமிடத்துக்குள் ‘பின்வரிசைக் காவலர்’ என்ற சொல் இருபது தடவையாவது வந்திருக்கும். முன்பும் இரண்டு மூன்று இடங்களில் கண்ணில் பட்டது, போகட்டும் என்று விட்டேன். இந்த முறை மனசு கேட்கவில்லை. அந்தச் சொல்லில் ‘பின்’ தப்பு, ‘காவலர்’ தப்பு. ‘வரிசை’ மட்டும் ஏதோ பிழைத்துப்போகும்.

முதலில் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இங்கே லைன் என்பது தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடு இல்லை. பந்து வைத்த இடத்தில் எதிரணிக்கு நேர்முகமாக நிற்கும் ஆட்களின் நிரை. 1880இல் வால்டர் கேம்ப் கொண்டுவந்த விதிமாற்றத்துக்குப் பிறகே ஆட்டம் இந்த வடிவுக்கு வந்தது. பேக்கர் என்றால் பின்னால் நின்று முட்டுக்கொடுப்பவர். மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் சென்டராக, அதாவது நிரையின் நடு ஆளாக, இருந்த ஜெர்மனி ஷுல்ஸ் என்பவர், 1900களின் தொடக்கத்தில் நிரையிலிருந்து சற்று விலகி நின்று ஆடியதில்தான் இந்த இடம் பிறந்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. தொழில்முறை ஆட்டத்தில் நடு லைன்பேக்கர் என்ற இடத்துக்கு 1950களின் சிகாகோ பேர்ஸ் வீரர் பில் ஜார்ஜைச் சொல்வார்கள். வரலாறு போதும்.

இப்போது ‘பின்வரிசை’க்கு வருவோம். தற்காப்பில் மூன்று அடுக்கு உண்டு. 4-3 அமைப்பில் முன்னே நால்வர், நடுவே லைன்பேக்கர்கள் மூவர், கடைசியில் கார்னர்பேக், சேஃப்டி என்று நால்வர். பின்வரிசை என்று யாரையாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தக் கடைசி நால்வரைச் சொல்லலாம். நடுவில் நிற்பவருக்கு அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் சேஃப்டியை என்னவென்பது, ‘பின்பின்வரிசை’ என்றா?

இதைவிடப் பெரிய கோளாறு காலில் இருக்கிறது. லைன்பேக்கரிடம் பயிற்சியாளர்கள் முதலில் களையும் பழக்கமே, பந்து அசைந்தவுடன் தன்னை அறியாமல் ஒரு காலைப் பின்னுக்கு வைப்பதுதான். உந்திக் கிளம்ப வசதி என்று உடம்பு நினைக்கிறது. அந்தக் கால் திரும்பி வருவதற்குள் பந்தோடு ஓடுபவர் இடைவெளியில் புகுந்துவிடுவார். அதனால்தான் நிரைக்கு நாலைந்து கஜம் தள்ளி, கால்களைத் தோளகலம் விரித்து, முட்டியை மடக்கி, முன்பாதத்தில் எடையை வைத்து நிற்கச் சொல்கிறார்கள். முதல் அடி அரை அடிக்கு மேல் போகக்கூடாது. அந்த அரை அடிக்குள் கண் எதிரேயிருக்கும், தாக்கும் அணியின் நிரையில் நிற்கும் கார்டு என்ற ஆட்டக்காரரைப் பார்த்து முடித்துவிட வேண்டும். அவர் தலை தாழ்ந்து முன்னே பாய்ந்தால் பந்தோடு ஓடப்போகிறார்கள், அது ஓட்டம்; தலை நிமிர்ந்து பின்னே சாய்ந்தால் பெரும்பாலும் பந்தை எறியப்போகிறார்கள், அது பாஸ். ஓட்டம் என்றால் தோள்கள் நிரைக்கு நேராக இருக்க, பக்கவாட்டில் நகர்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும். கால் பின்னிக்கொள்ளக் கூடாது. பாஸ் என்று உறுதியான பிறகுதான் இடுப்பைத் திருப்பிப் பின்வாங்கலாம். பின்னே போகாதே என்பதுதான் முதல் பாடம். அதைக் கற்கிறவருக்குப் ‘பின்’ என்று தொடங்கும் பட்டத்தைச் சூட்டியிருக்கிறோம்.

‘காவலர்’ இன்னும் மோசம். அதே காணொளியில் கார்டும் காவலர், லைன்பேக்கரும் காவலர். ‘காவலர் எதிரே உள்ள காவலரைப் படிக்க வேண்டும்’ என்று ஒரு வரி ஓடியது. ஒருவர் தாக்கும் அணி, மற்றவர் தடுக்கும் அணி. படிப்பது புத்தகத்தையா? ‘கோட்டுக் காவலர்’ என்று மாற்றினால் சரியாகிவிடும் என்றார் ஒரு நண்பர். ஆகாது. கோடு என்றதும் நமக்குக் கபடியின் நடுக்கோடுதான் முன்னே வரும். இங்கே காக்கப்படுவது கோடே இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் மீது எனக்குத் தனிப்பகை ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதக்கூடாதா? ‘முன்பாதத்தில் நில்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பாதப் பந்துகளில் எடையை வை’ என்று வந்தது. தோளை நேராக வை என்பது ‘சதுரமாக இரு’ ஆகிவிட்டது. எந்தக் களத்தில் யார் யாரிடம் சதுரமாக இருக்கச் சொன்னார்கள்?

சரி, பிறகு என்னதான் சொல்வது? ‘லைன்பேக்கர்’ என்றே எழுதினால் எனக்குச் சம்மதம்தான். கார்டு, சேஃப்டி எல்லாம் அப்படித்தானே நிற்கின்றன. தமிழில்தான் வேண்டும் என்றால் ‘நிரைதாங்கி’ என்பேன். நிரை, அணிக்கோவைக் கணக்கு போட்டவர்களுக்குத் தெரிந்த சொல்தான். தாங்கி, சுமைதாங்கியிலும் இடிதாங்கியிலும் உள்ளது. அவற்றைப் போலவே ஒற்று மிகாது. ‘நிரைத்தாங்கி’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

சுமைதாங்கி அசையாத கல்லாயிற்றே, ஓடி ஆடுகிற ஆளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. குறளின் படைமாட்சி அதிகாரத்தைப் புரட்டியதும் தீர்ந்தது. ‘தார்தாங்கிச் செல்வது தானை’ என்று அங்கே வருகிறது. தார் என்பது எதிரியின் முன்னணிப் படை. அதைத் தாங்கவும் வேண்டும், தாங்கியபடி முன்னேறவும் வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்பதற்கு மட்டும் உரிய வினை இல்லை அது.

நிரைதாங்கிகளுக்குள்ளும் உட்பெயர்கள் உண்டு: நடுவில் நிற்பவர் மைக், டைட் எண்ட் என்ற, தாக்கும் அணி நிரையின் ஓரத்து ஆள் நிற்கும் வலுவான பக்கத்தில் சாம், மறுபக்கம் வில். மிடில், ஸ்ட்ராங், வீக் என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தை நினைவில் வைக்க உண்டான செல்லப்பெயர்கள் இவை, அப்படியே விட்டுவிடலாம். அந்தக் காணொளியில் மைக் ஒலிவாங்கியாகவும் வில் உயிலாகவும் மாறியிருந்தார்கள். சாம் மட்டும் தப்பினார்.