பிரின்ட் என்றால் அச்சா?

2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கலாச்சார, ஊடக, விளையாட்டுக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. சின்ன பட்ஜெட் படங்களின் 'பிரின்ட் அண்ட் அட்வர்டைசிங்' செலவுக்கு 25% வரிச்சலுகை தரலாம் என்பது அதில் ஒரு பரிந்துரை. தமிழில் நான் படித்த ஒரு குறிப்பு இதை 'அச்சு மற்றும் விளம்பரச் செலவுகளுக்கு வரிச்சலுகை' என்றது. படித்த நண்பர் ஒருவர், "அங்கே பத்திரிகைக்காரங்களுக்கு நல்ல காலம்தான்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'அச்சு விளம்பரம்' என்றால் தமிழில் பேப்பரில் வரும் விளம்பரம். இந்த 'அச்சு மற்றும் விளம்பரம்' சினிமாக் கட்டுரைகளில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் பொருள். 'பிரின்ட்' என்பது நெகட்டிவிலிருந்து எடுத்து, தியேட்டருக்குத் திரையிட அனுப்பும் பாசிட்டிவ் சுருள். வேர் லத்தீனில் 'அழுத்து' என்ற பொருளுள்ள வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முத்திரை, அச்சு என்று அலைந்து, 19ஆம் நூற்றாண்டில் புகைப்படத்துக்குள் நுழைந்தது. இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்போட் ஒரே நெகட்டிவிலிருந்து பல படங்கள் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்த காலம் அது. சினிமாவும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. வேர்க்கதை இவ்வளவுதான்.

பணக் கணக்கில் இந்தச் சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் அதன் பொருள் இன்னும் தெளிவாகும். இருபது, முப்பது லட்சம் பவுண்டில் எடுக்கும் ஒரு பிரிட்டிஷ் படத்துக்குப் பணம் துண்டு துண்டாகத்தான் சேரும். லாட்டரிப் பணத்திலிருந்து பி.எஃப்.ஐ. (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்) கொஞ்சம் தரும். டிவி சேனல்களின் படப் பிரிவுகளான பிபிசி ஃபிலிம் அல்லது ஃபிலிம்4 கொஞ்சம் போடும். வெளிநாட்டு ஏரியாக்களைக் கேன், பெர்லின் படச் சந்தைகளில் முன்கூட்டியே விற்றுக் கொஞ்சம் வரும். மீதியில் பெரும்பங்கு வரிச்சலுகை. ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு உட்பட்ட படங்களுக்கு, 2024இல் அறிவித்த திட்டப்படி, தகுதியுள்ள செலவில் 53% சலுகை உண்டு. அதற்கும் வரி கட்டியபின் கையில் நிற்பது ஏறக்குறைய 40%. ஆனால் இதெல்லாம் படத்தை எடுப்பதற்கு மட்டும். வெளியிடும் செலவு தயாரிப்பு பட்ஜெட்டில் சேராது, அதற்கு இந்தச் சலுகையும் கிடையாது. அதை விநியோகஸ்தர் தன் கைக்காசில் போடுகிறார். நாடாளுமன்றக் குழு பேசியது இந்தச் செலவைப் பற்றித்தான்.

போட்டதை அவர் எப்படித் திரும்ப எடுக்கிறார்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிக்கெட் 12 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 20% வாட் வரியில் 2 பவுண்டு போய்விடும். மீதி 10இல் தியேட்டர் 7 எடுத்துக்கொண்டு 3ஐ விநியோகஸ்தரிடம் தருகிறது. அதில் 30% அவருடைய கமிஷன். நிற்பது 2 பவுண்டு 10 பென்ஸ். வெளியிட 2 லட்சம் பவுண்டு செலவழித்திருந்தால் அந்தச் செலவு தேறவே 95,000 பேருக்கு மேல் டிக்கெட் வாங்க வேண்டும். அப்புறம் தயாரிப்பாளர் பக்கத்துக்கு முன்கூட்டியே கொடுத்த எம்.ஜி. (மினிமம் கேரண்டி) தேற வேண்டும். அதற்கும் பிறகுதான் தயாரிப்பாளருக்குப் பங்கு. வெள்ளிக்கிழமை படம் வரும், திங்கட்கிழமை காலையில் வார இறுதி வசூலைப் பார்த்துத் தியேட்டர்காரர் அடுத்த வாரம் ஓட்டுவதா தூக்குவதா என்று முடிவு செய்வார். சின்னப் படத்தின் தலையெழுத்தே இந்தச் செலவில் தொங்குகிறது. அதைப் போய் 'அச்சு' என்று எழுதினால் வாசகருக்கு நோட்டீஸ் அடித்த பில்தான் கண்முன் வரும்.

சரி, 'அச்சு'க்காரர்களின் வாதத்துக்கு வருவோம். ஆங்கிலத்திலும் வேர் அழுத்துவதுதானே, புத்தகம் அடிப்பதையும் படச்சுருள் எடுப்பதையும் அவர்கள் ஒரே சொல்லால்தானே சொல்கிறார்கள், நமக்கு மட்டும் என்ன என்கிறார்கள். வேர் ஒன்றாக இருந்தால் கிளையெல்லாம் ஒன்றாகிவிடுமா? தமிழில் அச்சு என்பது முதலில் வார்க்கிற கருவி. அச்சு முறுக்கில் எது அச்சு? மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்குகிற இரும்புப் பூ. சாப்பிடுகிற முறுக்கை யாரும் அச்சு என்பதில்லை. அந்த வழியில் போனால் சினிமாவில் அச்சு என்ற பெயருக்கு உரியது நெகட்டிவ். பிரின்ட் அதிலிருந்து வந்தது. அதாவது 'அச்சு' என்று எழுதுகிறவர்கள் பொருளைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் அச்சு என்பது அச்சுத்தொழிலையும் அச்சிட்ட தாளையும் குறிக்க வந்தது உண்மை. அதனால் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் ஒன்று உண்டு. அந்தச் செலவுக் கணக்கில் நிஜமாகவே காகிதத்தில் அச்சடிக்கிற பொருள் சுவரொட்டி. பிரிட்டிஷ் தியேட்டர் போஸ்டருக்கு 'குவாட்' என்று பெயர், 40 அங்குல அகலம், 30 அங்குல உயரம், படுக்கை வசத்தில் இருக்கும். அதுவும் லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் ஒட்டுவதும் பேருந்தின் பக்கவாட்டில் ஒட்டுவதும் விளம்பரக் கணக்கில் வருகின்றன. ஆக, 'அச்சு மற்றும் விளம்பரம்' என்ற தொடரில் உண்மையான அச்சு இருப்பது 'விளம்பரம்' என்ற பாதியில்!

நம் சினிமாக்காரர்கள் இந்தத் தப்பைச் செய்யவே இல்லை. 'ஃபர்ஸ்ட் காப்பி அடிப்படையில்' படம் எடுத்தார்கள், 'இத்தனை பிரின்ட் போட்டோம்' என்றார்கள், தியேட்டரில் 'பெட்டி வந்தாச்சா' என்று கேட்டார்கள். பெட்டி எவ்வளவு அழகான சொல்! சுருள் அடைத்து வந்த பெட்டியையே படத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். நூறு நிமிடப் படம் 35 மி.மீ.யில் 9,000 அடி நீளம், தூக்கிப் பார்த்தவனுக்கு அது அச்சு இல்லை என்று தெரியும். மேசையில் உட்கார்ந்து அகராதியைத் திறக்கிறவருக்குத்தான் சிக்கல்.

இந்தச் சுருள்களின் எண்ணிக்கை பிரிட்டனில் பெரிய விஷயமாக இருந்தது. சினிமாவுக்குப் பொதுப்பணம் கொடுத்த யு.கே. ஃபிலிம் கவுன்சில் என்ற அமைப்பு, 2011இல் மூடப்படும் வரை 'பிரின்ட் அண்ட் அட்வர்டைசிங்' பெயரிலேயே ஒரு நிதி வைத்திருந்தது. சில பிரின்ட்களோடு லண்டனில் முடங்கிவிடும் படத்துக்குக் கூடுதல் பிரின்ட் போடவும் விளம்பரம் செய்யவும் அது பணம் கொடுத்தது. அதே கவுன்சில் 2005 முதல் சுமார் 1.2 கோடி பவுண்டு செலவில் ஏறக்குறைய 240 திரைகளில் டிஜிட்டல் புரொஜெக்டர் வைக்க உதவியது, வழக்கமான வணிகப் படங்களுக்கு வெளியே உள்ள படங்களையும் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சுருள் போய் ஹார்ட் டிஸ்க் வந்தது, கூடவே பூட்டிய படத்தைத் திறக்கும் திறவுகோல் கோப்பு. பிரின்ட் இல்லாமலே 'பிரின்ட்' என்ற சொல் மட்டும் கணக்கில் நின்றுவிட்டது.

நின்றது மட்டுமா, குட்டியும் போட்டது. புரொஜெக்டர் வாங்கிய கடனை அடைக்க, சுருள் செலவு மிச்சமான விநியோகஸ்தரிடமிருந்து திரைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் வாங்கினார்கள். அதுதான் வி.பி.எஃப்., அதாவது 'வர்ச்சுவல் பிரின்ட் ஃபீ'. இந்தப் பெயர் தமிழ்நாட்டுக்கும் தெரியும். 2018 மார்ச் தொடங்கி ஏப்ரல் வரை தயாரிப்பாளர்கள் புதுப்படம் வெளியிடாமல் நின்றது இந்தக் கட்டணத்தால்தான். அதை ஒருவர் 'மெய்நிகர் அச்சுக் கட்டணம்' என்று எழுதியதைப் பார்த்தேன். இல்லாத சுருளுக்குக் கட்டும் காசு என்ற எளிய விஷயம் அதற்குள் எங்கே போய் ஒளிந்துகொண்டது? 'டிஜிட்டல் திரையிடல் கட்டணம்' என்றால் யாருக்கும் புரியும்.

அப்படியானால் எதை எழுதலாம்? ஒற்றைப் பொருளாகப் பிரின்டைச் சொல்லத் தமிழில் 'படி' இருக்கிறது. ஏட்டுச்சுவடியைப் படி எடுத்தவர்கள் நாம். 'பிரதி' வடசொல் என்பதால் எனக்குப் படிதான் பிடிக்கும். ஆனால் செலவுக் கணக்கில் 'படி' என்று வெறுமனே எழுதினால் பயணப்படி, பஞ்சப்படி வரிசையில் யூனிட்டுக்குக் கொடுத்த பேட்டா என்று வாசித்துவிடுவார்கள். அங்கே 'திரைப்படி' என்று எழுதுங்கள், அல்லது கூச்சப்படாமல் 'படப்பிரதி' என்றே எழுதுங்கள். தூய்மைக்காகத் தெளிவைக் கொடுக்க நான் தயாரில்லை. முழுத் தொடருக்கோ இன்றைக்கு ஒரே சரியான சொல் 'வெளியீட்டுச் செலவு'. திரைப்படி, டிரெய்லர், போஸ்டர், தணிக்கைச் சான்றிதழ்க் கட்டணம், பத்திரிகையாளர் காட்சி எல்லாம் அதில் அடங்கும். பழைய காலக் கணக்கைச் சொல்லும்போது 'படிகளும் விளம்பரமும்' என்று பிரிக்கலாம்.

அந்த 'உம்'மைக் கவனியுங்கள். 'மற்றும்' என்று ஒன்றை நடுவில் செருகாமல் தமிழ்ப் பெயர்ச்சொற்களைச் சேர்க்க முடியும் என்பதே மொழிபெயர்ப்பாளர்களுக்கு மறந்துவிட்டது. சொல்லுக்குச் சொல் வைக்கிற இதே பழக்கத்தில்தான் திருப்பிக் கேட்காத மானியத்தையும் வரிச்சலுகையையும் சொல்லும் 'சாஃப்ட் மணி'யை 'மென்பணம்' ஆக்குகிறார்கள். பணத்தைத் தொட்டுப் பார்த்தா மென்மை சொன்னார்கள்? இன்னும் விலைபோகாத ஏரியாக்களைக் காட்டி வாங்கும் கடன், ஆங்கிலத்தில் 'கேப் ஃபைனான்ஸ்', 'இடைவெளி நிதி' ஆகிறது. 'விற்காத ஏரியா மேல் கடன்' என்றால் கோடம்பாக்கத்தில் டீ கொடுக்கிற பையனுக்கும் புரிந்துவிடும். அகராதியை மூடிவிட்டு ஒரு விநியோகஸ்தரிடம் பத்து நிமிடம் பேசினால் இதில் பாதிச் சொற்கள் இலவசமாகக் கிடைக்கும்.