பண்ணையார் பெட்டிக்குள் இருக்கும் பத்திரம்

பழைய காலத்துக் கதையைச் சொல்கிற படமென்றால் பண்ணையாரின் இரும்புப் பெட்டிக்குள் கட்டாயம் ஒரு பத்திரம் இருக்கும். தருமபுரியில் பத்திரம் எழுதுவதே என் தொழில் என்பதால், அது திரையில் வந்ததும் எனக்குக் கதை மறந்துவிடும்.

1950-இல் நடக்கிற கதையில் ‘தருமபுரி மாவட்டம்’ என்று எழுதியிருந்தால் தப்பு. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். ‘தமிழ்நாடு அரசு’ என்பதும் 1969 ஜனவரிக்கு முன் கிடையாது, சென்னை மாநிலம்தான். 1957 ஏப்ரலுக்கு முன் அரை ரூபாய் என்றால் எட்டணா. ஐம்பது பைசா அல்ல. 1930-களின் முத்திரைத்தாளில் ராஜா தலைதான் இருக்கும், நான்முகச் சிங்கம் வர வழியே இல்லை.

எழுத்தையும் பாருங்கள். லை, னை, ணை ஆகியவற்றுக்கு அந்தக் காலத்தில் மேலே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்து எழுதுவார்கள். இப்போதைய வடிவம் 1978 அரசாணைக்குப் பிறகுதான் பரவியது. பெரியார் 1930-களிலேயே தன் பத்திரிகையில் புது எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் பண்ணையார் வீட்டுக் கணக்குப்பிள்ளை அப்படி எழுதியிருப்பாரா?

இதெல்லாம் கலை இயக்குநரின் கவலை. எனக்குப் பெரிய கோபம் வேறு. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கியதும் மறுநாளே நிலம் பண்ணையாருடையதாகிவிடும்! 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். சார்பதிவாளர் முன் எழுதிக்கொடுத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும், சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். இதைப் படங்கள் காட்டுவதே இல்லை. அதனால்தானோ என்னவோ, பழுப்பேறிய தாளும் ஒரு ரேகையும் இருந்தால் போதும், அது மூலப்பத்திரம் என்று நம்பி அட்வான்ஸ் கொடுக்க இன்னமும் ஆள் இருக்கிறார்கள்.

போலிப் பத்திரம் தயாரிக்கிறவர்களும் இதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். டீத்தண்ணீரில் தாளை நனைத்துப் பழசாக்கிவிடலாம். 1958 தேதியிட்ட பத்திரத்தில் தருமபுரியை மாவட்டமாக எழுதிவிட்டால் அது அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஆனால் புது எழுத்தைப் பார்த்ததுமே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1955-இல் பதிவான பத்திரத்துக்கு 1990-இல் நகல் வாங்கியிருந்தால், அதில் 1990-இன் எழுத்தும் முத்திரையும்தான் இருக்கும். அப்புறம் கைப்பழக்கத்தில் 1978-க்குப் பிறகும் துதிக்கையை விடாதவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஆவண எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். நிலப் பத்திரங்களின் நகல் அங்கே ஒன்றாம் புத்தகம் என்ற பதிவேட்டில் இருக்கும். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்கி, பெயர், சர்வே எண், நான்கெல்லை எல்லாவற்றையும் கையிலுள்ள தாளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். அந்த நிலத்தின் மேல் என்னென்ன விற்பனை, அடமானம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். விற்கிறவர் அவசரப்படுத்தினாலும் சரி, அதுவரை அட்வான்ஸ் வேண்டாம்.