மஞ்சுவிரட்டுத் திடலில் நிற்கும் 108

பொங்கலை ஒட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில், திடலின் ஓரமாக நிற்கும் 108 ஆம்புலன்ஸ்களை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எல்லோருடைய கண்ணும் தொழுவத்தின் மீதும், வெளியே அவிழ்த்துவிடப்படும் கட்டுமாடுகளின் மீதும்தான் இருக்கும். கொம்பு பாய்ந்து தொடை கிழிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு வண்டி காரைக்குடிச் சாலையில் விரைகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் மருத்துவ உதவியாளர் சலைன் ஏற்ற நரம்பு பிடித்துவிட்டு ஊசியை வெளியே எடுக்கும் நேரத்தில் வண்டி வேகத்தடையில் ஏறிக் குதிக்க, அந்த ஊசி கையுறையைத் துளைத்து அவர் விரலிலேயே ஏறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம்தான் உள்ளே போயிருக்கும். அதற்குள் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி.

காயம்பட்டவருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தால், இத்தகைய ஆயிரம் குத்தல்களில் ஏறத்தாழ மூன்றில் தொற்று ஏற்படுகிறது. ஹெபடைடிஸ் சி என்றால் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ், ஸ்ட்ரெச்சர் கம்பியில் காய்ந்துபோன இரத்தக் கறையில்கூட ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். மூன்றில் மிக எளிதாகத் தொற்றுவது எதுவோ, தடுப்பூசி இருப்பதும் அதற்கு மட்டுமே.

அந்தத் தடுப்பூசியில் வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறையிலுள்ள ஒரே ஒரு புரதத்துக்கான மரபணுவை ஈஸ்ட் செல்லுக்குள் வைத்து, ஈஸ்ட் உற்பத்தி செய்யும் புரதத்தைப் பிரித்தெடுத்துச் செய்வது அது. இந்தப் புரதத்தை 1960-களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் முதலில் கண்டவர் பாரூக் பிளம்பெர்க்; 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈஸ்ட்டில் செய்த தடுப்பூசி 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் அதை இந்தியாவிலேயே தயாரித்த பிறகுதான் விலை நமக்கு எட்டியது.

முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது என்பது வழக்கமான முறை. மூன்றையும் ஒரே மாதத்தில் போட்டு முடித்தால் என்ன என்று பலரும் கேட்பதுண்டு. புரதம் உள்ளே போனதும், நிணநீர் முடிச்சுகளில் அதை அடையாளம் காணும் பி செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் பெருகத் தொடங்குகின்றன. பெருகும்போது அவற்றின் மரபணுவில் சிறு சிறு மாற்றங்கள் நேர்கின்றன. அவற்றுள் புரதத்தை இறுகப் பற்றும் செல்கள் நிலைக்க, மற்றவை கழிந்துபோகின்றன. இந்தக் கழித்தெடுப்புக்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். அச்சிலிருந்து எடுத்த ஆத்தங்குடிக் கல்லை அன்றே தரையில் பதித்துவிட முடியாது, தண்ணீரில் ஊறி இறுக அதற்கு நாள் வேண்டும் என்பது நம்மூர்க் கொத்தனாருக்குத் தெரியும். ஆறு மாத இடைவெளியின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். கடைசி ஊசி, தேறி நின்ற செல்களை மறுபடி எழுப்பிப் பெருகச் செய்கிறது. அதன்பின் ஒன்றிரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, இந்தச் செல்களால் உருவாகி வைரஸைப் பற்றி முடக்கும் எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு உண்டாகிவிட்டது என்று கொள்ளலாம். இந்தப் பரிசோதனையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களிலும் சிலருக்கு மூன்று ஊசிக்குப் பிறகும் எதிர்ப்பொருள் உருவாவதில்லை. நாற்பது வயதைக் கடந்தவர்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் இது கூடுதல்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேசிய அட்டவணையில் நாடு முழுவதற்கும் வந்தது 2011-இல்தான். இன்று ஆம்புலன்ஸிலும் தீயணைப்பு வண்டியிலும் ஏறுபவர்கள் அதற்கு முன் பிறந்தவர்கள். குழந்தையில் போட்டிருப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. வேலையில் சேரும்போதே தொடங்கவேண்டியதன் காரணம் இதுதான்.

ஆண்டுகள் செல்ல எதிர்ப்பொருளின் அளவு 10-க்குக் கீழே இறங்கலாம். ஆனாலும் கவலை இல்லை. வைரஸ் நோயாக முற்ற 60 முதல் 150 நாள் ஆகும். முன்பு தேறி நின்ற செல்கள் நினைவுச் செல்களாகத் தங்கியிருந்து, சில நாளிலேயே விழித்துக்கொள்ளும். டெட்டனஸில் இந்தக் கணக்கு செல்லாது. துருப்பிடித்த ஆணியால் வருவது என்று நாம் சொல்லிக்கொண்டாலும், துருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை; கிருமியின் வித்துகள் இருப்பது மண்ணிலும் சாணத்திலும், அதாவது தொழுவத் தரையில். நோயை உண்டாக்குவது அக்கிருமி சுரக்கும் நஞ்சு. அது நரம்புச் செல்லுக்குள் ஏறியபின் எதிர்ப்பொருளால் எட்டிப் பிடிக்க முடியாது. எனவே நினைவை மட்டும் நம்பாமல், எதிர்ப்பொருளே இரத்தத்தில் இருப்பில் இருக்கவேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை மறு ஊசி போடுவதும், அழுக்கான ஆழ்ந்த காயம் என்றால் ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே போடுவதும் இதனால்தான்.

தடுப்பூசியே போடாதவரின் விரலில் ஊசி ஏறிவிட்டால், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, கூடியவரை 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினும் முதல் தடுப்பூசியும் போடவேண்டும். இம்யூனோகுளோபுலின் என்பது பிறர் உடலில் உருவான எதிர்ப்பொருள். லேவாதேவி கண்ட ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், அது கைமாற்று; சில மாதத்தில் தீர்ந்துவிடும். தடுப்பூசி தருவது சொந்த முதல்.

கிணற்றில் விழுந்த நாயை மீட்கக் கயிற்றில் இறங்கும் தீயணைப்பு வீரருக்கும் இதே வேறுபாடு பொருந்தும். முன்கூட்டியே ஒரு வார இடைவெளியில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இரண்டு போட்டுக்கொண்டவரை நாய் கடித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, காயத்தைக் கால் மணி நேரம் நன்றாகக் கழுவியபின் அன்று ஓர் ஊசியும் மூன்றாம் நாள் ஓர் ஊசியும் போதும்; காயத்தைச் சுற்றிக் குத்தும் இம்யூனோகுளோபுலின் அவருக்குத் தேவைப்படாது.